நீங்கள் கேட்ட ஆள்

அந்த அக்கா தன் புருஷனின் பெயரைச் சொல்லமாட்டார். கணினியிலோ பெயரைத் தட்டினால்தான் தேடவே முடியும். "பேரு என்னங்கக்கா?" என்று கேட்டேன்.

"சாமி பேருதான், பாப்பா. பழனியில நிக்கிறாருல்ல, அவரு."

பழனியில் நிற்பவருக்குப் பெயரா பஞ்சம். எனக்குப் பொறுமை எப்போதுமே கம்மி. தெரிந்த பெயர்களை ஒவ்வொன்றாக நானே சொல்லிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி மறுத்தவர், ஒன்றுக்கு மட்டும், அந்த நிலையிலும், முகத்தைத் திருப்பி லேசாகச் சிரித்தார். அதைத் தட்டினேன். ஆங்கிலத்தில் அந்தப் பெயரை எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனை விதமாகவும் தட்டினேன். திரையில் ஒன்றும் வரவில்லை.

நான் பிறந்தது லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, கணினி வகுப்பு ஒன்றையும் முடித்து, அட்டனில் மருந்துக்கடை ஒன்றின் மாடியில் இருந்த இலவச சட்ட உதவி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். போர் மறுபடி சூடுபிடித்திருந்த காலம். கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்த எங்கள் மலைப் பையன்களைச் சந்தேகத்தில் பிடித்துக்கொண்டு போவது வழக்கமாகிவிட்டிருந்தது. பிடித்தது யார், வைத்திருப்பது எங்கே என்று எவரும் சொல்லமாட்டார்கள். அக்கா பூண்டுலோயாப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவர். அவருடைய புருஷன் கொழும்பில் ஒரு ஹோட்டல் குசினியில் சமையல் வேலை பார்த்தார். வெள்ளை வான் வண்டியில் வந்தவர்கள், அவர் தங்கியிருந்த அறையிலிருந்து அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் கிடையாது.

அலுவலகத்தை நடத்தியவர் யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணி ஒருவர். நாங்கள் 'சேர்' என்போம். யார் எந்த இடத்தில் அடைபட்டிருக்கிறார், பார்த்ததாகச் சொன்ன சாட்சி யார் என்பதெல்லாம் அவருக்கு மின்னஞ்சலில் வரும். அப்படிப்பட்டவற்றை மறைகுறியாக்கித்தான் அனுப்புவார்கள். பூட்டி அனுப்புவது என்று நாங்கள் சொல்வோம். பூட்டிய மின்னஞ்சலில் அனுப்பியவரின் முகவரியும் தேதியும் தலைப்பும் தெரியும். உள்ளே இருப்பது வெறும் எழுத்துக் குப்பையாகத் தெரியும். திறக்கும் கடவுச்சொல் சேரின் மண்டைக்குள் மட்டும் இருந்தது.

மின்னஞ்சல்கள் குவிந்தபோது, தேடி எடுக்க நான் ஒரு மென்பொருளைப் போட்டேன். அது எல்லாவற்றையும் ஒருமுறை வாசித்து, எந்தச் சொல் எந்த மின்னஞ்சலில் இருக்கிறது என்று ஓர் அட்டவணை செய்துகொள்ளும். பூட்டியவற்றையும் வாசிக்க வேண்டுமானால் சேர் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். ஒரு தடவை கொடுத்தால் போதும் என்றேன்.

"பிள்ளை, உம்மட அட்டவணைக்குப் பூட்டு இருக்கோ?" என்று கேட்டார்.

"இல்ல சேர்."

"அப்ப பெட்டியைப் பூட்டிப்போட்டு, உள்ளுக்க என்ன கிடக்கெண்டு மூடியில எழுதி ஒட்டுற வேலையெல்லோ இது? நாளைக்கு ஆரும் வந்து கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு போனா, சாட்சி சொன்ன ஆளின்ர பேர் வெளியில கிடக்கும். விடும்."

எனக்கு ஆத்திரம் வந்தது. நாள் முழுக்கத் தேடிக் கண் நோவது அவருக்கா எனக்கா? அவர் சொன்னது சரி என்பது எனக்கு அப்போதும் தெரியும், இப்போதும் தெரியும். ஆத்திரம் மட்டும் இன்னும் தீரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சேர் அக்காவைப் பார்த்து, "உங்கட ஆளைப் பற்றி ஒரு செய்தி வந்திருக்கு. விசாரிச்சு உறுதிப்படுத்திப்போட்டுச் சொல்லுறன், செவ்வாய் வாங்கோ" என்றார். என்ன செய்தி என்று எங்களிடமும் சொல்லவில்லை. திங்களன்று கொழும்புக்குப் போன பஸ்ஸில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த சேர் எழும்பவே இல்லை. செவ்வாய்க்கிழமை அக்கா வந்தபோது எங்கள் வாசலில் துக்கத்துக்கு வெள்ளைக்கொடி கட்டியிருந்தது. நான் பெயரைக் கேட்டதும் தட்டியதும் அதற்கடுத்த வாரம்.

ஒன்றும் வராதது ஏன் என்று பார்த்தேன். மென்பொருள் தனக்குப் புரியாத எல்லாவற்றையும் 'வாசிக்க முடியாதவை' என்று ஒரே கூடையில் போட்டிருந்தது. அலுவலக மின்னஞ்சலில் பாதிக்கு மேல் அதற்குள்தான் கிடந்தது. சேரின் பூட்டு விழுந்தவை கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் சாதாரணத் தமிழ். அந்தக் காலத்தில் நாங்கள் பாமினி என்ற எழுத்துருவில் தட்டுவோம். அந்த எழுத்துரு இருந்தால் தமிழாகத் தெரியும். இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துகளின் சந்தை இரைச்சல். 'அம்மா' என்று எழுதினால் எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்று நிற்கும். மென்பொருளுக்கு அதுவும் பூட்டு, இதுவும் பூட்டு. நாங்கள் எதையும் மறைக்காமலே எங்கள் பாஷை மறைந்து கிடந்தது.

இதை அக்காவுக்கு விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "பாமினிங்கிறது எந்தத் தோட்டத்துப் புள்ள? அதுகிட்டயே கேட்டுப் பாக்கலாமே" என்றார். எரிச்சலுக்கு நடுவிலும் சிரித்துவிட்டேன்.

எனக்கு அப்போது நம்பிக்கை இருந்தது. சேருக்கு வந்த செய்தி பூட்டாத தமிழாகவும் இருக்கலாமல்லவா? எழுத்துருவை மாற்றும் சின்ன நிரல் ஒன்றைத் தேடிப்பிடித்து, கூடையிலிருந்த மின்னஞ்சல்களை ஒவ்வொன்றாகத் தமிழுக்குக் கொண்டுவந்தேன். அக்கா வாராவாரம் வந்தார். காலைப் பெரட்டில் ஆள் எண்ணும்போது கங்காணியிடம் பல்வலி என்று சொல்லிவிட்டு வருவார். ஒரு பல்லுக்கு எத்தனை வாரம் வலி என்று கங்காணி கேட்டாராம்.

"கூடை எந்த மட்டுல இருக்கு பாப்பா?"

"குறையுதுக்கா."

காலமெல்லாம் கொழுந்துக் கூடை நிறைவதற்குச் சந்தோஷப்பட்டவர், என் கூடை குறைவதற்குச் சந்தோஷப்பட்டார். திறந்தவற்றில் கூட்டத்துக்கு வரச்சொன்ன அழைப்பு இருந்தது, கூரைத்தகரம் கேட்ட கடிதம் இருந்தது, பொங்கல் வாழ்த்து இருந்தது, அக்காவின் புருஷன் இல்லை. என் வேலை சரியாக நடக்க நடக்க, அவர் இருக்கக்கூடிய இடம் சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் நிஜமாகவே பூட்டியவை மட்டும் மிஞ்சின.

சேர் அக்காவிடம் செய்தி வந்ததாகச் சொன்ன அந்த வெள்ளிக்கிழமைக்கு முதல் நாள் தேதியில் அவற்றில் ஒன்றே ஒன்று இருந்தது. தலைப்பைப் பூட்ட முடியாது என்பதால் தலைப்புத் தெரிந்தது. 'நீங்கள் கேட்ட ஆள்' என்று தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தார்கள். அவ்வளவுதான். தமிழில் சேதி கடைசியில்தானே வரும். ஆள் இருக்கிறார், ஆள் இன்ன இடத்தில் இருக்கிறார், ஆள் இல்லை, எதுவானாலும் அந்த 'ஆள்' என்ற சொல்லுக்குப் பிறகுதான் வந்தாக வேண்டும். அது பூட்டுக்குள் இருந்தது.

சேரின் பிள்ளைகளின் பெயர், ஊர்க் கோயில், படித்த பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் கடவுச்சொல்லாகத் தட்டினேன். அவருடைய மனைவியைக் கேட்டேன். "அவர் எனக்கே ஒண்டும் சொல்லமாட்டார், பிள்ளை" என்று அழுதார். அனுப்பியவரின் முகவரிக்கு எழுதினேன். அப்படி ஒரு முகவரியே இப்போது கிடையாது என்று திரும்பி வந்துவிட்டது. செத்துப்போன மனிதர்மேல் எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? அன்று அட்டவணைக்கு வழிவிட்டிருந்தால் இந்தப் பெண்ணுக்கு ஒரு வரியாவது கிடைத்திருக்கும். வழிவிட்டிருந்தால் அந்தச் சாட்சியும் வான் வண்டியில் ஏற்றப்பட்டிருக்கலாம். இரண்டும் உண்மை என்பதால் கோபத்துக்குக்கூடக் கால் ஊன்ற இடமில்லை.

அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். தலைப்பு, பூட்டு, திரும்பி வந்த கடிதம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"எனக்கு இதெல்லாம் வெளங்கல பாப்பா. ஒரே சொல்லாச் சொல்லுங்க. இருக்கா, இல்லையா?"

ஆளைத் தேடி வந்தவரிடம் 'இல்லை' என்றால் எங்கள் பேச்சில் அதற்கு ஓர் அர்த்தம்தான். என் வாய் அந்தச் சொல்லுக்குத் திறக்கவில்லை. "இருக்குக்கா. ஆனா தொறக்காது" என்றேன்.

"இருக்குல்ல. அது போதும்" என்று எழுந்து, நெற்றிப்பொட்டைச் சரிசெய்துகொண்டு போனார். நான் மின்னஞ்சலைச் சொன்னேன். அவர் எதைக் கேட்டுக்கொண்டு போனார் என்பதும் எனக்குத் தெரியும்.

அந்த ஒரு மின்னஞ்சலை ஒரு குறுந்தட்டில் பதிந்து எடுத்துக்கொண்டேன். பின்னால் நான் நுவரெலியாவில் வேறு வேலைக்குப் போனேன். அலுவலகம் மூடப்பட்டபோது, வாசிக்கக்கூடிய கோப்புகளை மட்டும் எடுத்துவைத்துவிட்டு மற்றதை அழித்துவிட்டார்களாம். வாசிக்க முடியாததை வைத்து யார் என்ன செய்வது என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். போர் முடிந்த பிறகு ஒருநாள் அலுமாரியிலிருந்து என் குறுந்தட்டை எடுத்துப் பார்த்தேன். நுவரெலியாக் குளிருக்குப் பூஞ்சணம் பூத்திருந்தது. கணினி அதை உள்ளே இழுத்துக் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு வெளியே தள்ளியது.

அதே வருஷம் அக்காவைத் தலவாக்கலை பஸ் ஸ்டாண்டில் கண்டேன். என்னைப் பார்க்க நுவரெலியாவுக்குத்தான் வரவிருந்ததாகச் சொன்னார்.

"பெரியவளுக்குக் கல்யாணம், பாப்பா. அச்சுக்கடையில அவரு பேருக்கு முன்னுக்குக் 'காலஞ்சென்ற'ன்னு போடவான்னு கேக்குறாங்க. எங்க தம்பியும் போடத்தான் சொல்றான். போட்டுட்டா நான் மணவறைகிட்ட நிக்க ஏலாது." என் கையைப் பிடித்துக்கொண்டார். "அது இன்னும் இருக்குங்கதானே?"

அக்காவின் புருஷன் உயிரோடு இருப்பார் என்று அன்று நான் நம்பவில்லை. கூடை காலியான நாளுக்குப் பிறகு ஒருநாளும் நம்பியதில்லை.

"இருக்குக்கா" என்றேன்.

இரண்டு வாரத்தில் அழைப்பிதழ் தபாலில் வந்தது. மணமகளின் தகப்பனார் என்ற இடத்தில், அக்கா ஒருமுறைகூட வாயால் சொல்லாத அந்தப் பெயர் தங்க எழுத்தில் இருந்தது. அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை.