பொன்மலை அசனமும் முடியாத ஜெபமும்

போன ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, பொன்மலையில் ஒரு சபையின் ஆண்டு விழாவில் ஆதித் திருச்சபை பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். கூப்பிட்டவர் ஷீலா. மதுரையில் என்னோடு படித்தவர், இப்போது அந்தச் சபையின் பெண்கள் சங்கச் செயலாளர். பேச்சு முடிந்ததும் அசனம், அதாவது சபையார் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. உண்மையைச் சொன்னால் அதற்காகத்தான் ஒப்புக்கொண்டேன்.

முதல் நாளே ஸ்ரீரங்கம் வந்து நண்பர் ரங்கராஜன் வீட்டில் தங்கினேன். "பெருமாளைச் சேவிச்சுட்டு அப்புறம் உங்க சபைக்குப் போலாமே" என்றார். நேரமில்லை. கோபுரத்தைத் தெருவிலிருந்தே பார்த்துவிட்டு எட்டரைக்கு பஸ் ஏறினேன். பாலக்கரை நெரிசலில் அது நகரவே இல்லை. ஜங்ஷனில் இறங்கி ஆட்டோ பிடித்தேன், நூற்றிருபது ரூபாய். பொறுமை இருந்தால் டவுன் பஸ்ஸிலும் போகலாம்.

வாசலிலேயே ஷீலா விஷயத்தைச் சொல்லிவிட்டார். அவர் கணவர் தாமஸுக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. போன வருஷம் ஷிப்ட் முடிந்து அவரும் கூட்டாளிகளும் அசனத்துக்கு வந்தபோது அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்களாம். அதன்பிறகு அவர் சபைப் பக்கமே வரவில்லை.

"இன்னைக்கு ஒரு தடவை வரேன்னு சொல்லியிருக்காரு. இன்னைக்கும் அப்படி ஆச்சுன்னா அவ்வளவுதாங்க."

ஷிப்ட் முடியும்வரை பந்தியைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கமிட்டியில் கேட்டிருக்கிறார். ஒரு மணி என்றால் ஒரு மணிதான் என்று சொல்லிவிட்டார்கள்.

அதனால் பேச்சில், ஆதித் திருச்சபைகளில் ஒன்றான கொரிந்து சபையைச் சேர்த்துக்கொண்டேன். அங்கே வசதியுள்ளவர் வீட்டில்தான் சபை கூடும். உழைக்கத் தேவையில்லாதவர்கள் முன்னதாக வந்து சாப்பிட்டுவிடுவார்கள். கூலிகளும் அடிமைகளும் வந்து சேரும்போது பாத்திரம் காலி. ஒருவருக்காக ஒருவர் காத்திருக்க வேண்டும் என்று, அந்தச் சபையைத் தொடங்கிய அப்போஸ்தலர் பவுல் கண்டித்துக் கடிதம் எழுதினார். இதைச் சொன்னதும் எல்லோரும் தலையாட்டினார்கள். கமிட்டித் தலைவர் "அருமை" என்றார். பிறகு நேராகப் போய்ப் பந்தியில் உட்கார்ந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

இலையில் சோறும் கறிக்குழம்பும் வந்துவிட்டன. ஆனால் ஜெபம் முடியாமல் யாரும் கை வைக்க மாட்டார்கள். இந்த முறை ஜெபம் பெண்கள் சங்கத்தின் பொறுப்பு. ஷீலா எழுந்து கண்ணை மூடினார். சமைத்தவர்களுக்காக ஜெபித்தார். விதைத்தவர்களுக்காக, காவிரித் தண்ணீருக்காக, பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக, எடமலைப்பட்டி புதூரில் ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கும் ஓர் அக்காவுக்காக ஜெபித்தார். குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. தலைவர் இருமினார். ஷீலா அவருடைய தொண்டைக்காகவும் ஜெபித்தார்.

ஷிப்ட் முடிந்ததற்கு ஒர்க்‌ஷாப் சங்கு ஊதியது. அவர் நிறுத்தவில்லை, தேசத் தலைவர்களுக்குப் போய்விட்டார். வெளியே வரிசையாக சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது.

"ஆமென்."

கையில் கிரீஸ் கறையோடு தாமஸ் எட்டிப் பார்த்தார். "என்னங்க, இன்னும் ஆரம்பிக்கலையா?"

"இப்பத்தான் ஜெபம் முடிஞ்சுது. கையக் கழுவிட்டு வாங்க" என்று தலைவர் நகர்ந்து இடம் விட்டார். தாமஸ் இரண்டாவது முறையும் சோறு கேட்டு வாங்கினார். எனக்கு அதைப் பார்க்கப் பெரிய நிம்மதி.

ஆதித் திருச்சபையிடம் இன்றைய சபைகள் கற்க வேண்டியதை நான் ஒரு மணி நேரம் பேசியும் ஒன்றும் நடக்கவில்லை என்பதைப் பதிவுசெய்கிறேன். இதுபோன்ற விழாக்களுக்குப் போகிறவர்கள் காலைச் சாப்பாட்டைத் தவிர்க்க வேண்டாம்.

கிளம்பும்போது தலைவர் ஒரு செய்தி சொன்னார். அடுத்த வருஷம் பந்தி, சங்கு ஊதிய பிறகுதானாம். என் பேச்சுதான் காரணமோ என்று கேட்டுவைத்தேன்.

"பேச்செல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு சார். ஆனா அந்தம்மா மறுபடியும் ஜெபம் பண்ணிட்டா?"