பாலூர் வளைவில் வச்சலாவின் விசில்

வச்சலாவுக்குக் காதுதான் சோறு போட்டது. செங்கல்பட்டு – காஞ்சிபுரம் ரயில் பாதையில், பாலூர் வளைவுக்குப் பக்கத்தில் நான்கு பேர் குனிந்து தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி குத்தும்போது அவள் மட்டும் நிமிர்ந்து நிற்க வேண்டும். கையில் சிவப்புக் கொடி, வாயில் விசில். ரயில் சத்தம் காதில் விழுந்ததும் ஊதுவாள், நால்வரும் விலகுவார்கள். இதே பாதையில் வேலை பார்த்த கணவன் மூர்த்தி, ஐந்து வருடத்துக்கு முன் ஒரு பனிக்காலையில் ரயிலில் அடிபட்டுப் போனதால் கிடைத்த வேலை அது. அன்றிலிருந்து பயமும் டிபன் டப்பா மாதிரி தினமும் அவளோடு வேலைக்கு வந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை பயம் இரண்டு பங்கு. தனி இஞ்சின் இல்லாமல், அடியிலேயே டீசல் மோட்டார் வைத்த இரண்டு பெட்டி வண்டி ஒன்றைப் பயணிகளோடு ஓட்டிப் பார்க்கிறார்களாம். கரண்டுக் கம்பி இல்லாத ஊர்களுக்குப் போகப்போகும் வண்டி. சோதனை மட்டும் இங்கே. பத்து மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றார்கள். அதன் சத்தம் எப்படியிருக்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை. தெரியாத சத்தத்துக்கு எப்படிக் காது கொடுப்பது?

சாலையில் லாரி உறுமியது. ஊதினாள். வயலில் பம்புசெட் ஓடத் தொடங்கியது. ஊதினாள். மூன்றாவது தடவை எதற்கு ஊதினாள் என்று அவளுக்கே தெரியாது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

"இன்னா வச்சலா, காக்கா பறந்தாலும் ஊதுவியா?" என்றார் குழுவில் மூத்தவரான பன்னீர்செல்வம். "சும்மா பேஜாரு பண்ணிகினு கீற. வேலை எவ்ளோ கீது, பாரு."

மற்றவர்கள் சிரித்தார்கள். இனிமேல் ஊதினால் நம்புவார்களா? மேல்காற்று காதில் இரைந்தது, வேறெதுவும் கேட்கவில்லை. வளைவை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றாள்.

புளியமரத்துக்குப் பின்னால் விளக்கு தெரிந்தது. சத்தமே இல்லை. உயிரைக் கொடுத்து ஊதினாள். மூன்று பேர் விலகினார்கள். பன்னீர்செல்வம் நிமிரக்கூட இல்லை.

"போ வச்சலா!" என்றார் குனிந்தபடியே.

கொடியைத் தூக்கிப் பிடித்தபடி ஓடினாள். அவர் சட்டையைப் பிடித்து இழுத்த வேகத்தில் இருவரும் ஜல்லிச் சரிவில் உருண்டார்கள். அப்போதுதான் ஹாரன் கேட்டது. கூடவே பெட்டிகளும் கடந்தன. வண்டி கிறீச்சிட்டு, வெகுதூரம் தள்ளிப்போய் நின்றது.

சோதனைக் குழுப் பொறியாளர் ஜெசிந்தா காகிதங்களோடு ஓடி வந்தார். யாருக்கும் அடியில்லை என்று பார்த்துக்கொண்டு, "வண்டி சத்தம் எவ்வளவு தூரத்துல கேட்டுச்சு?" என்றார்.

"தூரத்துலயே கேட்டுச்சு மேடம்" என்றார் பன்னீர்செல்வம், கிழிந்த சட்டையைப் பிடித்துக்கொண்டு. விசிலுக்கு விலகாதது தெரிந்தால் அவர் பாடு திண்டாட்டம். மற்ற மூவரும் தலையாட்டினார்கள். ஜெசிந்தா எழுதினார்.

கேட்கவில்லை என்று சொன்னால், காது சரியில்லை என்று தன்னைத்தான் வேலையை விட்டு நிறுத்துவார்கள் என்பது வச்சலாவுக்குத் தெரியும்.

"கேக்கலை மேடம்" என்றாள். "அண்ணாத்த சொல்றது பொய். நான் கண்ணாலதான் பாத்தேன். பனியா இருந்தா அதுவும் தெரிஞ்சிருக்காது."

ஜெசிந்தா எழுதியதை அடித்தார். "உங்க பேரு?"

வச்சலா கொடியைச் சுருட்டினாள்.

"வச்சலா. மூர்த்தி சம்சாரம்."