செபாஸ்டின் நறுக்கிய பழம்

கல்யாண நாளன்று பாலக்கோட்டில் பஸ் ஏறி, ஓசூர் இத்தாலிய உணவகத்தில் சாப்பிட்டுவருவது ராஜமேரிக்கும் கணவர் செபாஸ்டினுக்கும் வழக்கம். பாஸ்தாவுக்கு அவர் கூசாமல் ஊறுகாய் கேட்பார். இவள் தலையைக் குனிந்துகொள்வாள்.

வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் கேக்குக்குப் பழம் நறுக்கி ஒயினில் ஊறவைப்பதும் அவர்தான். இந்த அக்டோபரிலும், "பேரீச்சம்பழத்த இவ்ளோ பெருசாவா நறுக்குவீங்க? கத்தி எறங்குமா?" என்று எரிந்து விழுந்தாள். நவம்பரில் மாரடைப்பில் அவர் போய்விட்டார்.

துக்க வீட்டில் இந்த வருஷம் கேக் கூடாது என்றார்கள் உறவினர்.

"அவரு நறுக்குனதுங்க. கொட்டச் சொல்றீங்களா?"

கிறிஸ்துமஸுக்கு அந்தப் பழத்தைப் போட்டே கேக் செய்தாள்.

கேக்கை வெட்டும்போது பேரீச்சம்பழத்தில் கத்தி சிக்கி நின்றது. அவள் அழுத்தவில்லை. கத்தியை வைத்துவிட்டு, எல்லோருக்கும் கையாலேயே பிட்டுக் கொடுத்தாள்.