மயக்கம் தரும் மாத்திரை

மேரிசெல்வி, படுத்த படுக்கையாய்க் கிடக்கும் பாலகுருவின் முதுகுப் புண்ணில் ஒட்டிக்கொண்ட கட்டுத்துணியைத் தண்ணீர்விட்டு ஊறவைத்து, ஓரத்திலிருந்து உரித்துக்கொண்டிருந்தாள். விரல் படும்போதெல்லாம் அந்த மனிதர் தலையணையைக் கடித்தார். மூன்று நாளைக்கு முன் வந்தபோது இப்படி இல்லை.

"வலி மாத்திரை குடுத்தியா?"

பாலகுருவின் மகள் ஷாலினி பீரோவைத் திரும்பிப் பார்த்தாள். அஞ்சல்வழியில் எம்.ஏ. படிக்கிறவள். பௌத்தமும் கிறிஸ்தவமும் அறச்சிக்கல்களைப் பற்றி என்ன சொல்கின்றன என்ற பாடம் மடியில் விரிந்திருந்தது.

மேரிசெல்வி பத்தொன்பது வருஷம் மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரியவள். புருஷன் புற்றுநோயில் கத்திக் கத்திச் செத்த பிறகு, புதுச்சேரிக்குப் போய் நோயாளிகளை வீடு தேடிப்போய்ப் பராமரிக்கும் பயிற்சி எடுத்தாள். வலியைத் தாங்குவது புண்ணியம் என்று யார் சொன்னாலும் அவளுக்குச் சுர்ரென்று ஏறும்.

"ரெண்டு நாளா குடுக்கலக்கா. பீரோல பூட்டிட்டேன்," என்றாள் ஷாலினி. "அப்பா புத்தர் வழிக்குப் போனப்ப அஞ்சு சீலம் எடுத்துக்கிட்டாரு. அஞ்சாவது, மயக்கம் தர்ற எதையும் தொடக்கூடாது. மாத்திரைத் தாள்லயும் மயக்கம் வரும்னுதான போட்டிருக்குது?"

நாற்காலியில் இருந்த தாய்மாமன் சவரிமுத்து, மாதா கோயில் உபதேசியார், தலையாட்டினார். "எங்க வேதத்துலயும் அப்படித்தாம்மா. வேதனைய ஆண்டவர் பாடுகளோட ஒப்புக்குடுத்தா ஆத்துமாவுக்கு நல்லது."

"உங்களுக்குப் பல்லு வலிச்சப்ப ஒப்புக்குடுத்தீங்களா, உபதேசியாரே? திண்டிவனத்துக்குல்ல ஓடுனீங்க!"

அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டார். மேரிசெல்வி விடவில்லை.

"அடிபட்டுக் கெடந்தவன் புண்ணுல எண்ணெயும் திராட்ச ரசமும் ஊத்துனானே சமாரியன், அவன் ஜெபம் மட்டும் சொல்லிட்டா போனான்? வருஷா வருஷம் கோயில்ல பைபிள்லேருந்து நீங்கதான வாசிக்கிறீங்க? ஷாலினி, நோயாளியப் பத்தி புத்தர் சொன்னது அந்த பாடத்துல இருக்குதா பாரு. சத்தமா படி."

ஷாலினி பக்கம் புரட்டினாள். வயிற்றுப்போக்கில் கிடந்த துறவியைப் புத்தர் தம் கையாலேயே கழுவிவிட்டது இருந்தது. எனக்குப் பணிவிடை செய்ய நினைப்பவர் நோயாளிக்குச் செய்யட்டும் என்று அவர் சொன்னதும் இருந்தது. அடுத்த வரியில் அவள் குரல் இறங்கியது. ஐந்தாம் சீலம் தடுப்பது நிதானம் தவறக் குடிப்பதை. நோய்க்கு எடுக்கும் மருந்தை அல்ல.

"இந்தப் பக்கம் பரீட்சைக்கு வராதுன்னாங்க. விட்டுட்டேன்."

"நல்லா படிச்சீங்க ரெண்டு பேரும்! படுத்துக் கெடக்கறவர ஒரு வார்த்த கேட்டீங்களா?"

பாலகுரு தலையைத் திருப்பினார். "நான் சாராயத்ததான் விட்டேன், பாப்பா. போய் பீரோவத் தெற."

மாத்திரை உள்ளே போய் அரைமணி நேரம் கழித்துத்தான் மேரிசெல்வி புண்ணை மறுபடி தொட்டாள். கோபம் மட்டும் தணியவில்லை. அந்த இரண்டு நாளை அவருக்கு யார் திருப்பித் தருவது? நாலு மணி நேரத்துக்கு ஒன்று எனக் காலண்டரில் கொட்டை எழுத்தில் எழுதி, ஷாலினியைக் கையெழுத்துப் போடச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வந்து நின்றாள். பாலகுரு கஞ்சி குடித்திருந்தார். தொட்டால் அலறுகிறார் என்று மாற்றாமல் விட்டிருந்த படுக்கை விரிப்பை உருவ, அவரைப் பக்கவாட்டில் புரட்டவேண்டியிருந்தது.

"அந்தப் பக்கம் புடிங்க, உபதேசியாரே," என்றாள். அன்றும் வந்திருந்த சவரிமுத்து சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து பிடித்தார்.