வீடியோவுக்குக் காத்திருந்த காலை

பனிக்காலத்தில் எங்கள் வீட்டுக் கதவைத் திறந்தால் முதலில் மூக்கில் ஏறுவது, ஹீட்டருக்குப் பக்கத்தில் காயப் போட்டிருந்த தர்சினி மச்சாளின் விளையாட்டுச் சப்பாத்துகளின் மணந்தான். ரப்பரும் வியர்வையும் ஈரக் கம்பளியும் கலந்த அந்த மணத்தை அம்மா “குதிரை லாயம்” என்று முகம் சுளிப்பார். பன்னிரண்டு வயதான எனக்கோ அதைவிட இனிய மணம் வேறொன்றும் தெரியாது.

மச்சாள் மெல்பேர்னில் பிறந்து வளர்ந்தவள். அம்மாவின் அண்ணன் மகள். மொன்றியலில் கல்லூரிக் கூடைப்பந்து ஆடினால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கண்ணில் படலாம் என்று யாரோ சொன்னதை நம்பி, இரண்டாயிரத்துகளின் நடுவில் எங்களோடு தங்க வந்தாள். முதல் வருடம் முழுக்க பெஞ்சில் குந்தியிருந்தவள், அடுத்த பனிக்காலத்தில் அவள் இல்லாமல் அணியே இல்லை என்ற நிலைக்கு உயர்ந்துவிட்டாள். டோர்வல் விமான நிலையத்தில் சாப்பாடு ஏற்றும் வேலை பார்த்த அப்பா, வேலை முடிந்ததும் அவளுடைய கல்லூரி இருந்த சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்குப் போய் அவளை ஏற்றிவருவார். கடைசிச் சில நிமிட ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து, “பெட்டை பறக்கிறாளப்பா” என்று சோற்றைப் பிசைய மறந்து கதைப்பார். நானும் வருகிறேன் என்று கெஞ்சினால், “முதல்ல சாமத்தியவீடு முடியட்டும்” என்பார் அம்மா. நான் பெரியபிள்ளையாகி மாதக்கணக்காகியும் அந்தச் சடங்குக்குப் பக்கத்து நகரான லவாலில் மண்டபம் கிடைத்தபாடில்லை.

கிடைத்த நாளும் மச்சாளின் இறுதி ஆட்டமும் ஒன்றாக வந்து விழுந்தன. அவளைப் பார்ப்பதற்கென்றே அமெரிக்காவிலிருந்து ஒரு பயிற்சியாளர் வருவதாக இருந்தது. இந்த வருடமும் எடுபடாவிட்டால் திரும்பி வந்து கடையில் நில் என்று மாமா தொலைபேசியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சடங்கில் தாய்மாமன் வீட்டுக் கைதான் முதலில் என் தலையில் பாலும் அறுகும் வைத்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும். மாமா வர முடியாததால் அந்தக் கை மச்சாளுடையதாயிற்று. காலையில் வீட்டில் ஊற்றிவிட்டுப் போனால் பகல் ஆட்டத்துக்குத் தாராளமாக நேரமிருக்கும் என்று எல்லோரும் பேசி முடிவெடுத்தார்கள்.

அன்று விடிந்ததிலிருந்து பனி கொட்டியது. குளியலறையில் எல்லாம் ஆயத்தமாக இருந்தும் வீடியோ அண்ணையைக் காணவில்லை. எங்கள் கொண்டாட்டங்களில் ஐயரைவிட வீடியோக்காரருக்கே அதிகாரம் அதிகம். அவர் வராமல் ஒரு துளி தண்ணீரும் விழாது. எத்தனை தரம் தொலைபேசி எடுத்தாலும் “இந்தா, கிட்ட வந்திட்டன்” என்றார். சேலைக்குள்ளே அணி உடுப்பைப் போட்டிருந்த மச்சாள் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாள்.

“மாமி, ப்ளீஸ், நேரம் போகுது.”

“கொஞ்சம் பொறு பிள்ளை. தன்ர வீட்டுக் கை பட்டதை உன்ர அப்பா வீடியோவில காணவேண்டாமே? அவருக்கு நான் என்ன சொல்லுறது?”

என்னால்தானே இவள் ஆட்டம் கெட்டுப்போகப் போகிறது என்று நினைத்தேன். சடாரென்று எழுந்து மச்சாளைக் குளியலறைக்குள் இழுத்துப்போய்க் கதவைப் பூட்டினேன்.

“ஊத்துங்கோ மச்சாள்.”

“மாமி ஏசுவா.”

“ஏசட்டும். ஊத்துங்கோ.”

அவள் என் தலையில் பாலும் அறுகும் வைத்தாள். ஆறிக் குளிர்ந்திருந்த தண்ணீரை அவள் அழுதுகொண்டே ஊற்ற, வெளியே அம்மா கதவைத் தட்டித் தட்டி, “கமரா வரேல்லையடி, திற!” என்று கத்தினார். ஊற்றி முடித்ததும் சேலையை வீட்டு நடையிலேயே உரிந்து போட்டுவிட்டு மச்சாள் ஓடினாள். வேட்டிக்கு மேல் ஜக்கெற் போட்டிருந்த அப்பா காரை எடுத்தார்.

வீடியோ அண்ணை வந்த பிறகு, பக்கத்து வீட்டு அன்ரி கையால் எனக்கு மறுபடியும் தண்ணீர் ஊற்றினார்கள். மண்டபத்தில் நகையும் பூவுமாக மேடையில் இருத்தப்பட்டு, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் அப்பாதான் முதலில் வந்தார். அவர் முகத்தைப் பார்த்தே அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பனியில் கார் ஊர்ந்துபோய்ச் சேர்ந்தபோது ஆட்டம் பாதி முடிந்திருந்தது; பிந்தி வந்ததற்காக அணிப் பயிற்சியாளர் மச்சாளை இன்னும் கொஞ்ச நேரம் வெளியே இருத்திவிட்டார். அவள் உள்ளே இறங்கி, தோற்கவிருந்த ஆட்டத்தை வென்று கொடுத்தாள். ஆனால் அமெரிக்கர், பனிக்குப் பயந்து விமானத்தைப் பிடிக்க இடைவேளையிலேயே போய்விட்டார். மச்சாள் மறுபடி சேலை கட்டி, என் பக்கத்தில் நின்று, எல்லாப் படங்களிலும் சிரித்தாள்.

வசந்தத்தில் அவள் மெல்பேர்னுக்குத் திரும்பினாள். பகலில் மாமாவின் கடையில் நின்று, பின்னேரங்களில் ஆடி, எப்படியோ தன் முயற்சியிலேயே அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்குப் போய், அங்கே அணித் தலைவியும் ஆனாள். கணினியில் அவள் ஆடிய மங்கலான சில துண்டுக் காட்சிகள் கிடைத்தன. அவற்றில் எது அவள் என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

பிறகு அவளுக்கு முழங்கால் போனது. அந்த லவால் மண்டபம் இப்போது கட்டிலும் மேசையும் விற்கும் தளபாடக் கடை. போன மாதம் தொலைபேசியில், படி ஏறவே கஷ்டமாயிருக்கிறது என்று மச்சாள் சிரித்தாள். இரண்டு வருடம் ஒரே அறையில் படுத்தெழும்பியும், அவள் ஆடியதை நான் ஒருமுறைகூட நேரில் பார்க்கவில்லை.