பஸ்ஸில் எழுந்து நின்ற சேவல்

இன்று காலை உத்தமபாளையத்தில் பஸ் ஏறும்போது என் கையில் ஒரு கூடை. கூடைக்குள் முருகேசன் அண்ணனின் பேன்டம் என்கிற குட்டை ரகச் சேவல். புறா அளவுதான் இருக்கும்.

அண்ணன் இறந்தபின் மதினி என்னிடம் கொடுத்தது. கோழிக் கண்காட்சி மேசையில் அண்ணன் இரண்டு முறை இருமினால் போதும், நெஞ்சைத் தூக்கி, கழுத்தைப் பின்னால் வளைத்துச் சிலை மாதிரி நிற்கும். தன் பீடி இருமலுக்கே அதைப் பழக்கி வைத்திருந்தார்.

நானும் மூன்று மாதம் இருமிப் பார்த்தேன். என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அந்தக் கடுப்பில்தான் தேனியில் ஒருவருக்குக் கொடுத்துவிடலாம் என்று கிளம்பினேன்.

சின்னமனூர் தாண்டியதும் பின் இருக்கையில் யாரோ இருமினார்கள். இரண்டு முறை.

கூடை அசைந்தது. மூடியைத் திறந்தேன். சேவல் நெஞ்சைத் தூக்கி நின்றுகொண்டிருந்தது, என் தோளுக்குப் பின்னால் பார்த்தபடி.

வீரபாண்டியில் அந்த இருமல் பின் படி வழியாக இறங்கிப் போனது. சேவல் தேனி வரை உட்காரவே இல்லை.

பஸ் ஸ்டாண்டிலிருந்து மதினிக்கு போன் செய்து சொன்னேன்.

"அவுக எங்கன எறங்குனாக, தம்பி?"

"வீரபாண்டியில, மதினி."

"மொகத்தப் பாத்தீகளா?"

பார்க்கவில்லை. பட்டப்பகல், பஸ் நிறைய ஆட்கள். இருந்தும் என் கழுத்து திரும்பவில்லை.

சேவலை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். பேய் பிசாசெல்லாம் பொய் என்று என்னோடு சேர்ந்து சிரிக்கிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். மனசைத் தொட்டுச் சொல்லுங்கள், நீங்கள் திரும்பியிருப்பீர்களா?