அண்ணனுக்குத் துப்பாக்கி, தம்பிக்கு அச்சு

அப்பா செத்தபோது துப்பாக்கி மூத்தவன் ஹோபர்ட்டுக்கும், அதற்குக் குண்டு வார்க்கும் அச்சு இளையவன் டெல்மருக்கும் வந்தன. ஒன்றில்லாமல் மற்றது உதவாது, பிள்ளைகள் ஒட்டிக்கொண்டு கிடப்பார்கள் என்பது கிழவரின் கணக்கு. கென்டக்கி மலைக்காரனின் வீம்பை, தானும் மலைக்காரனாக இருந்தும், அவர் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

வேலித் தகராறு ஒன்றில் பேச்சு நின்றது. தம்பி வாசலில் போய் அச்சைக் கேட்பதா என்று ஹோபர்ட் துப்பாக்கிக் கொல்லனைப் பிடித்து, குழலுக்குள் சுற்றியோடும் வரிகளைப் புதிதாக வெட்டவைத்தார். குழல் அகலமாயிற்று. பெரிய குண்டுக்கு வேறு அச்சும் செய்துகொண்டார். மர ஆலையில் வேலை, ஞாயிற்றுக்கிழமை சர்ச், இலையுதிர் காலத்தில் மாட்டுத் தொடை பரிசுக்குக் குறிசுடும் போட்டி என்று இருபத்தாறு வருஷம் ஓடிப்போனது. ஓடைக்கு அந்தப் பக்கம் தம்பி வீட்டுப் புகை தெரியும். பார்த்தும் பாராததுபோல் இருப்பதில் மனுஷர் கைதேர்ந்தவர்.

இப்போது டெல்மர் போய்விட்டார். அவர் மனைவி ஓர்ஃபா அச்சைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். அடக்கத்தின்போது அப்பா துப்பாக்கியில், அப்பா அச்சில் வார்த்த குண்டால் அண்ணன் ஒரு வேட்டு சுட வேண்டும். சாகும்போது டெல்மர் கேட்டது அது ஒன்றுதான். அடக்கம் மறுநாள் மதியம்.

ஹோபர்ட் ஈயம் உருக்கி ஐந்து குண்டு வார்த்தார். பயந்தபடியே குழலுக்கு அது சின்னது. குழலில் இறுகி நிற்கக் கொழுப்புத் தடவிய படுக்கை விரிப்புத் துணியில் பொதிந்து வாய்வழியே விட்டும், கிணற்றில் கல் விழுவதுபோல் இறங்கியது. சுட்டுவிட்டு, குண்டோடு பறந்துபோய்ப் புல்லில் கிடந்த துணியைத் தேடி எடுத்தார். நடுவே கருகி ஓட்டை. தலையணை உறைத் துணி கொஞ்சம் தடிமன், அதுவும் ஓரமெல்லாம் தீய்ந்துதான் வந்தது. துணி தீய்ந்தால் குண்டு வரியைப் பிடிக்காது, போகும் இடம் தெரியாது. தன் பெரிய குண்டைப் போட்டுச் சுட்டால் ஊரில் எவனுக்குத் தெரியப்போகிறது? ஆனால் பெட்டிக்குள் கிடக்கிறவனை ஏமாற்ற அவருக்கு மனசு வரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்ன, ஓடையைக் கடந்துபோய் ஓர்ஃபாவின் முன் நின்றார்.

“குழலை வெட்டிட்டேன் ஓர்ஃபா. அவன்கிட்ட வந்து நிக்கக்கூடாதுன்னே வெட்டினேன். இந்தக் குண்டு இனி அதுல சேராது.”

“அவருக்குத் தெரியும்,” என்றாள் ஓர்ஃபா. “கொல்லன் அந்த வாரமே வந்து சொல்லிட்டான். அப்புறமும் வருஷா வருஷம் அச்சைத் துடைச்சு எண்ணெய் போட்டாரு. அண்ணன் வருவான், துணியைக் கனமா வச்சா சேர்ந்துடும்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு.”

சுவர் ஆணியில் டெல்மரின் ஜீன்ஸ் துணி வேலையுடுப்பு தொங்கியது. அவளே கால்பகுதியைக் கத்தரித்துக் கொடுத்தாள்.

மறுநாள் கல்லறை மேட்டில் ஹோபர்ட் வெடிமருந்தைக் கொட்டி, அந்தத் துணியைக் குழல் வாயில் விரித்து, குண்டை வைத்து அழுத்தினார். இரண்டு கையாலும் தள்ளித்தான் அடிவரை இறக்க முடிந்தது. சரிவில் பட்டுப்போய் நின்ற செஸ்ட்நட் மரத்தைக் குறிவைத்துச் சுட்டார். அடிமரத்தின் நடுவில் பட்டை தெறித்தது.

வழக்கம்போல் புல்லில் நடந்து துணியை எடுத்துப் பார்த்தார். கருத்திருந்தது, எங்கும் தீயவில்லை, கிழியவில்லை. அதைக் கையில் பிடித்தபடி குழியோரம் வந்து நின்றார்.

“நான் ஒருநாள் வந்து கேட்டிருக்கலாம்டா,” என்றார்.

அதற்குள் மண்ணைத் தள்ள ஆரம்பித்திருந்தார்கள்.